வெளியில் நின்றவர்க்குப் பங்கு உண்டா?

சென்னைத் தியாகராய நகரின் தெருக்களுக்குப் பெயரிட்டவர்கள் ஒரு காலத்து ஆட்சியின் வரலாற்றையே அங்கே எழுதி வைத்துச் சென்றுள்ளனர். நகரின் பெயர் சர் பிட்டி தியாகராயச் செட்டியாருடையது. நடுவிலுள்ள பூங்கா பனகல் அரசருடையது. நடேச முதலியாருக்கு ஒரு பூங்கா. டாக்டர் நாயருக்கு ஒரு சாலை. தணிகாசலம் செட்டியாருக்கு ஒரு சாலை. நம்மவர் இருவர்க்கும் அங்கே இடம் கிடைத்தது. 1934ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முகம்மது உஸ்மான் பெயரால் உஸ்மான் சாலை. வைசிராயின் நிர்வாக சபை வரை உயர்ந்த சர் முகம்மது ஹபீபுல்லா பெயரால் ஹபீபுல்லா சாலை. கலியாணப் பட்டும் நகையும் வாங்க அந்தச் சாலைகளில் நாள்தோறும் நெருக்கித் தள்ளிக்கொண்டு செல்வோர், பெயர்ப்பலகையை நிமிர்ந்து நோக்குவது அரிது.

இப்பெயர்களுக்கு உரியோர் உயிரோடும் அதிகாரத்தோடும் இருந்த 1921ஆம் ஆண்டில், மாம்பலம் இன்னும் ஏரியும் தோப்புமாகக் கிடந்த காலத்தில், நகரின் வடகோடியில் ஒரு வழக்கு எழுந்தது. நீதிமன்றத்தில் தீர்க்கப்படாத வழக்கு அது. தொழிலாளர் பலர் கூடி வேலையை நிறுத்துகின்றனர். வேறு சிலர் சேராமல் உள்ளே செல்கின்றனர். போராட்டத்தால் பலன் விளைந்தால் உள்ளே சென்றவர்க்கும் அதில் பங்குண்டா? விளையாமற் போனால் அந்தப் பழியில் அவர்க்குப் பங்குண்டா? கேள்வி இன்றும் பழையதாகிவிடவில்லை. அன்று அதற்குக் கிடைத்த விடை நெருப்பு. அதனால்தான் அதனை மீண்டும் எடுத்து எண்ண வேண்டியிருக்கிறது.

பெரம்பூர் வட்டாரம் நம்மவர்க்குப் புதிதன்று. ஜமாலியா அரபிக் கல்லூரியால் பெயர்பெற்ற பகுதி அது. அதன் அருகே பின்னி கம்பெனியாரின் நிர்வாகத்தில் பக்கிங்காம் ஆலை, கர்நாடிக் ஆலை என்னும் இரண்டு பெரிய பஞ்சாலைகள் நடந்துவந்தன. சாதி இந்துக்கள், முஸ்லிம்கள், ஆதிதிராவிடர், கிறிஸ்தவர் எனப் பல திறத்தாரும் அங்கே பாடுபட்டனர். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அவர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. முறையாக அமைந்த முதல் இந்தியத் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலரும் கூறுவது இதனையே. (ஏப்ரல் 27 தியாகராயரின் பிறந்த நாளும் ஆகும், 1852ஆம் ஆண்டு அதே நாளில் பிறந்தவர் அவர்.) செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு என்னும் இருவர் முயன்று, அன்னிபெசன்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ அலுவலகத்திலிருந்த பி.பி. வாடியாவை அழைத்துவந்து தலைவராக்கினர். திரு.வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவர்களுள் ஒருவராக அமர்ந்தார்.

அச்சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று மிகச் சிறியது. நண்பகலில் உண்ணக் கிடைத்த இடைவேளை அரைமணி. கைகால் கழுவி, வீட்டிலிருந்து வந்த சோற்றை வாங்கி, நிழல் தேடி அமர்வதற்குள் ஊதல் ஒலித்துவிடும். அதனை நீட்டித் தரவேண்டும் என்று கேட்டார்கள்; நாற்பது நிமிடமாயிற்று. பத்து நிமிடந்தானே என்று எண்ணுவோர், அரைமணியில் உண்டு எழுந்து இயந்திரத்தின் முன் நின்றவரைக் கேட்டறிய வேண்டும்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குக. அந்தப் பத்து நிமிடம் யாருக்குக் கிடைத்தது? சந்தா கட்டியவர்க்கு மட்டும் ஒரு மணியும், கட்டாதவர்க்கு வேறொரு மணியும் அடிக்க ஆலையால் இயலாது. இயந்திரம் நின்றால் எல்லார்க்கும் நிற்கும்; ஓடினால் எல்லார்க்கும் ஓடும். தொழிற்சங்கம் ஈட்டித்தரும் நன்மைகளுள் பெரும்பகுதி இத்தகையதே. வேலை நேரம், காற்றோட்டம், குடிநீர், மேற்பார்வையாளரின் கைநீளாமை இவையெல்லாம் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தரக்கூடியவை அல்ல. கூலி உயர்வு ஒன்றைத்தான் வேண்டுமானால் ஆள் பார்த்துக் கொடுக்கலாம். ஆகவே ‘பங்கு உண்டா’ என்னும் வினா, முற்பாதியில் பொருளின் இயல்பாலேயே விடை பெற்றுவிடுகிறது. பிற்பாதியில்தான் சண்டை.

1920ஆம் ஆண்டின் இறுதியில் பெரிய கதவடைப்பு ஒன்று நேர்ந்தது. கம்பெனியார் வாடியா முதலியோர்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணையும் பெற்றனர். தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டியதாகக் குற்றச்சாட்டு. சங்கம் அமைத்தவரைக் காக்க அன்று சட்டமே இல்லை. 1921 சனவரியில் வாடியா தொழிலாளர் இயக்கத்தினின்று விலகுவது என்னும் ஏற்பாட்டின்மேல் வழக்கு முடிவுற்றது. தொழிலாளர் வறுமையோடு ஆலைக்குத் திரும்பினர். (இந்த வழக்கின் அதிர்ச்சியே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிகோலியது. அது தனியே எழுதத்தக்க பெருங்கதை.) அந்த நீண்ட பட்டினியில் எல்லாருமே வாடினர். ஆயினும் எல்லாரும் ஒரேயளவாக வாடவில்லை. சிற்றூரில் காணி உடையவர் ஊருக்குப் போனார். கடைக்காரரிடம் கடன் பெறத்தக்க உறவுடையவர் கடன் பெற்றார். புளியந்தோப்புச் சேரியில் குடியிருந்த ஆதிதிராவிடர்க்குக் காணியும் இல்லை. கடன் கொடுப்பாரும் அரியர்.

அந்தப் பட்டினியின் வடு ஆறுமுன் மறுபடியும் போராட்டம் வந்தது. 1921 மே 20ஆம் நாள் கர்நாடிக் ஆலையிலும், சூன் 20ஆம் நாள் பக்கிங்காம் ஆலையிலும் வேலை நின்றது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் பெரும்பாலும் வெளியே வந்தனர். ஆதிதிராவிடர் பெரும்பாலும் வேலைக்குச் சென்றனர். அவர்களின் தலைவரான எம்.சி. ராஜா வேலையில் நீடிக்குமாறு அறிவுரை கூறினார். சூன் 28ஆம் நாள் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அன்று தொடங்கிய கலகம் அடங்கியும் மூண்டுமாகச் செப்டம்பர் வரை நீண்டது. கல்லெறி, கத்திக்குத்து, மீண்டும் தீ. ஆதிதிராவிடர் தரப்பிலும் திருப்பித் தாக்கியவர்கள் உண்டு. ஆகஸ்டு 29ஆம் நாள் காவலர் சுட்டதில் உயிர்கள் போயின. வீடிழந்தோர்க்கு அரசினர் வியாசர்பாடியில் முகாம் அமைத்துச் சோறிட்டனர்.

முஸ்லிம் தொழிலாளர் நின்றது எரிக்கப்பட்ட குடிசைகளின் பக்கத்தில் அன்று என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கிலாபத் இயக்கத்தின் எழுச்சி உச்சத்திலிருந்த நாட்கள் அவை. யாகூப் ஹசன் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே மலபாரில் சிறைபுகுந்தார். ஆகஸ்டில் மலபார் பற்றியெரிந்தது. ஒற்றுமை என்ற சொல்லுக்கு அன்று இருந்த வெப்பம் இன்று நமக்குப் புரிவது கடினம். இந்து முஸ்லிம் ஒற்றுமை ஆலைவாயிலில் உண்மையாகவே கைகோத்து நின்றது. அந்தக் கைகோப்புக்கு வெளியே நின்றவன், நகரிலேயே மிக ஏழையானவன். ஏன் வெளியே நின்றான் என்று அவனிடம் சென்று கேட்டவர் மிகச் சிலரே.

கேட்டிருந்தால் பல காரணங்கள் கிடைத்திருக்கும். முன்னைய கதவடைப்பில் பட்ட பசி ஒன்று. சங்கத்தின் மேடையில் தன் இனத்தார் இல்லாமை ஒன்று. சேரிக்கு ஏதேனும் செய்துவந்த ஒரே அலுவலகம் அரசின் தொழிலாளர் இலாகா. அதன் ஆதரவை இழக்கும் அச்சம் ஒன்று. ஆலையில் தோளோடு தோள் நிற்பவன் தெருவில் ஒதுங்கச் சொல்வான். அவனுக்காக ஏன் நான் பட்டினி கிடக்க வேண்டும் என்னும் கேள்வி ஒன்று. இக்கடைசிக் கேள்விக்குச் சங்கத்தாரிடம் விடை இருந்ததாகத் தெரியவில்லை.

அரசியலாரின் நிலையோ வியப்புக்குரியது. சங்கத்தை நடத்தியவர்கள் தேசியவாதிகள், நீதிக்கட்சிக்கு மாற்றார். ஆயினும் தியாகராயர் உள்ளிட்ட நீதிக்கட்சித் தலைவர் பலர், தொழிலாளர் இலாகா ஆதிதிராவிடர்க்கு அளவுமீறிச் சலுகை காட்டியதே கலகத்துக்குக் காரணம் என்று குறைகூறினர். எம்.சி. ராஜா அதே கட்சியின் உறுப்பினர். அவர் மனம் கசந்தது. 1923ஆம் ஆண்டில் கட்சியைவிட்டு விலகினார். மறுபுறம், திரு.வி.க.வை நாடுகடத்த ஆளுநர் வில்லிங்டன் முனைந்தபோது தடுத்தவர்களுள் முதல்வராகப் பேசப்படுபவரும் தியாகராயரே. கட்சி மாறுபாட்டைக் கடந்து ஒரு தொழிலாளர் தலைவரைக் காத்த பெருந்தன்மையும், சேரியின் துயரை அளக்கத் தவறிய குறையும் ஒரே மனிதரிடத்தில் இருந்தன. தெருவுக்குப் பெயரிடும்போது இவற்றுள் ஒன்றைமட்டும் எடுத்துப் பொறிக்க இயலாது.

அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. பங்கிடப் பலன் எதுவும் இல்லை. தோல்விமட்டும் எல்லார்க்கும் பொதுவாயிற்று. 1922ஆம் ஆண்டில் கம்பெனியார் தாமே ஓர் ஆலைக்குழுவை ஏற்படுத்திக்கொண்டு, குறைகளைச் சங்கத்தின் வாயிலாக அன்றி அதன் வாயிலாகவே கேட்கலாயினர். சங்கம் தலைதூக்க நெடுங்காலமாயிற்று. வேலைக்குச் சென்றவனை அடித்ததால் ஒரு காசும் கூலி உயரவில்லை, சங்கம் உடைந்தது.

வேலைநிறுத்தத்தில் சேராதவனைத் தமிழில் ‘கருங்காலி’ என்கிறோம். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்பெயர்ப்பாகவும் அது அமைகிறது. மரத்தை வெட்டும் கோடரிக்குக் காம்பாகும் மரத்தையும் நினைவூட்டுகிறது. கேட்டவுடன் தைக்கும் சொல். அத்தகைய சொற்களிடம் எச்சரிக்கை வேண்டும். கங்காணிக்குக் கையாளாகி, உடன் உழைப்பவனைக் காட்டிக்கொடுத்துப் பதவி பெறுகிறவனும் கருங்காலி; மூன்று நாள் அடுப்பு எரியாத வீட்டிலிருந்து தலைகுனிந்து ஆலைக்குள் நுழைகிறவனும் கருங்காலி. இருவரையும் ஒரே சொல்லால் அழைத்தபிறகு நீதி பேசுவது எளிதன்று.

வேலைநிறுத்தம் செய்தவன் பக்கத்து நியாயத்தைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. அவன் கூலியை இழந்தான். மனைவியின் தாலிக்கொடியை, கருகமணியை அடகுவைத்தான். சிலர் வேலையையே இழந்தனர். மறுநாள் உயர்ந்த கூலியை வாங்க வரிசையில் நிற்கும்போது, ஒருநாளும் இழக்காதவன் அவனுக்கு முன்னால் நிற்கிறான். வயிறு எரியாதா? எரியத்தான் செய்யும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. சேராமலே பலன் கிடைக்குமென்றால் அடுத்தமுறை சேர்வார் யார்? எல்லாரும் அடுத்தவன் போராடட்டும் என்றிருந்தால் போராட ஒருவரும் இரார்.

நம் மார்க்க வரலாற்றில் இதற்கு நெருங்கிய வினாக்கள் எழுந்துள்ளன. போர்க்களத்தில் கிடைத்த கனீமத்தும் ஆலைக்கூலியும் ஒன்றல்ல. வேலைநிறுத்தம் ஜிஹாதும் அன்று. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டே நோக்க வேண்டும். எனினும், பாடுபட்டவர்க்கும் பாடுபடாமல் நின்றவர்க்கும் இடையே பங்கு வகுப்பது எப்படி என்னும் சிக்கல் பத்ரிலேயே தோன்றிவிட்டது. எதிரியைத் துரத்தியவர் ஒருபுறம், பொருளைத் திரட்டியவர் ஒருபுறம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சூழ்ந்து காத்தவர் ஒருபுறம். ஒவ்வொருவரும் தம் உரிமையைக் கூறினர். அல்லாஹ் அந்த வழக்கை அவர்கள் கையிலிருந்தே எடுத்து, தன் தூதரிடம் ஒப்படைத்தான். ‘அன்பால்’ அத்தியாயத்தின் தொடக்கம் அதனைப் பற்றியதே. பங்கு சமமாக வகுக்கப்பட்டது.

பத்ருக்குச் செல்லாத ஒருவருக்கும் பங்கு கிடைத்தது. அவர் ஹஸ்ரத் உஸ்மான் (ரலி). நோயுற்றிருந்த மனைவியார், நபிகளாரின் திருமகளார் ருகையா (ரலி) அவர்களைப் பேணுவதற்காக நபிகளாரின் கட்டளைப்படியே மதீனாவில் தங்கியவர். ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றிக்குப்பின் அபிசீனியாவிலிருந்து கப்பலில் வந்துசேர்ந்தோர்க்கும் பங்கு தரப்பட்டது. அவர்கள் களத்தையே காணாதவர்கள். அதே கைபருக்கு, முன்னர் ஹுதைபிய்யாப் பயணத்தில் சாக்குச் சொல்லிப் பின்தங்கியவர்கள் ஆதாயம் தெரிந்தபின் வருகிறோம் என்றபோது மறுக்கப்பட்டனர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வெளியில் நின்றான் என்பதோடு விசாரணை முடிவதில்லை; எதனால் நின்றான் என்பதும் கேட்கப்படுகிறது.

ஹிஜ்ரி 9இல் தபூக் பயணம் நிகழ்ந்தது. ஏறிச்செல்ல வாகனமின்றி அழுதுகொண்டே திரும்பிய ஏழைகள்மீது குற்றமில்லை என்று திருமறையே தீர்ப்பளித்தது. வசதியிருந்தும் செல்லாத கஅபு இப்னு மாலிக் (ரலி) உள்ளிட்ட மூவர்மீது சமுதாயம் ஐம்பது நாள் பேச்சை நிறுத்தியது. சலாம் கூறினால் பதில் இல்லை. பூமி அவர்களுக்குச் சுருங்கிப்போயிற்று. பின்னர் மன்னிப்பும் வந்தது. அந்த ஐம்பது நாளும் அவர்கள் மேனியில் ஒரு கல் விழவில்லை. கூரையில் ஒரு தீப்பொறி விழவில்லை. புளியந்தோப்பில் முஸ்லிம்களும் உடனிருந்தனர் என்பதை நினைக்கும்போது இந்த வேறுபாடு நெஞ்சை உறுத்துகிறது.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழில் தகராறுச் சட்டம் வேறொரு வழியால் இவ்வினாவை அணுகியது. 1956ஆம் ஆண்டின் திருத்தத்தோடு சேர்த்துப் படித்தால் அதன் ஏற்பாடு இதுதான்: அரசின் சமரச அலுவலர் முன்னிலையில் ஏற்படும் ஒப்பந்தம், அந்நிறுவனத்திலுள்ள எல்லாத் தொழிலாளரையும், பின்னர் வந்து சேர்வோரையுங்கூடக் கட்டுப்படுத்தும். சமரச நடவடிக்கைக்கு வெளியே முதலாளியும் ஒரு சங்கமும் தமக்குள் செய்துகொள்வது, செய்துகொண்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும். 1960ஆம் ஆண்டில் ராம்நகர் சர்க்கரை ஆலை வழக்கில் உச்சநீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. ஒரு சங்கம் சமரசத்தில் கையெழுத்திட்டால் போட்டிச் சங்கத்தாரும் அதற்குக் கட்டுப்பட்டவரே என்றது. 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட பின்னரும் இப்பாகுபாடு தொடர்கிறது. தமிழர் மிகுதியாகப் பணிபுரியும் மலேசியாவிலும் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கூட்டு ஒப்பந்தம் அதற்குட்பட்ட தொழிலாளர் அனைவரையும் தழுவும்.

பங்கு கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணினாலே இதன் காரணம் விளங்கும். சங்கத்தாருக்கு ஒரு கூலி, சாராதவர்க்குக் குறைந்த கூலி என்றால், புதிதாக ஆளெடுக்கும் முதலாளி யாரை எடுப்பார்? குறைந்த கூலிக்காரனையே எடுப்பார். சங்கத்தான் ஓய்வுபெற, அவனிடத்தில் சாராதவன் வர, சில ஆண்டுகளில் சங்கம் தானே உலர்ந்துவிடும். சாராதவனுக்கும் உயர்ந்த கூலி வாங்கித் தருவது அவன்மேல் இரங்கிச் செய்யும் தருமம் மட்டுமன்று, சங்கத்தின் தற்காப்பும் ஆகும். பொறாமையால் வேலி போடுகிறவன் தன் தோட்டத்தையே முதலாளிக்கு ஒற்றி வைக்கிறான்.

அப்படியானால் போராடியவன் பட்ட இழப்புக்கு யார் ஈடுசெய்வது? பம்பாயில் பாமர் லாரி கம்பெனியில் ஒரு வழி கண்டார்கள். ஒப்பந்தத்தால் தொழிலாளர்க்குக் கிடைக்கும் நிலுவைத் தொகையில் நூற்றுக்குப் பதினைந்து பிடித்து, ஒப்பந்தம் பெற்றுத்தந்த சங்கத்தின் நிதிக்குக் கொடுப்பது. உறுப்பினர் அல்லாதாரிடமும் பிடிப்பது. போட்டிச் சங்கம் உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1984ஆம் ஆண்டில் நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லும் என்றது. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு: 1977ஆம் ஆண்டில், உறுப்பினரல்லாத அரசு ஊழியரிடம் பேரப் பேச்சுக்கான செலவைச் சங்கம் வாங்கலாம் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறிற்று, 2018ஆம் ஆண்டில் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டு, கூடாது என்றது. எனக்குப் பம்பாய் வழியே நேரியதாகத் தோன்றுகிறது. பலனில் பங்குகொள்கிறவன் செலவிலும் ஒரு பங்கை ஏற்கட்டும். ஆனால் அந்தப் பணத்தை வாங்கும் சங்கம் தன் வாயிற்கதவை அவனுக்கும், அவன் சேரிக்கும், அவன் பள்ளிவாசலுக்கும் திறந்து வைத்திருக்க வேண்டும். மேடையில் இடமில்லாதவனிடம் உண்டியல் நீட்டுவது முறையாகாது. 1921இல் ஆதிதிராவிடர்க்கு அந்த மேடை திறந்திருந்தால் அவர்கள் வெளியே நின்றிருப்பார்களா என்பது ஐயமே.

தியாகராய நகரிலேயே அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் உள்ள துணிக்கடைகளில் பணிபுரியும் பெண்கள், காலையில் கடை திறந்தது முதல் இரவு அடைக்கும்வரை நின்றவண்ணமே இருந்தனர். வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் உட்காரக் கூடாது. தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கும் இளம்பெண்கள் பலர். கால் வீங்கும், முதுகு நோகும், வாய் திறந்தால் ஊருக்குப் போகச் சொல்லும் அச்சம். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப்பெண்கள் இதே நிலையில் இருந்தனர். நம் சமுதாயத்து வணிகர் நிறைந்த தெரு அது. பி. விஜி என்னும் தையற்பெண் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் திரட்டி, முதலில் கழிப்பறைக்கும் பின்னர் நாற்காலிக்கும் போராடினார். திருச்சூரில் உட்காரும் உரிமைக்காகக் கடைப்பெண்கள் பல வாரம் வெயிலில் அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். 2018ஆம் ஆண்டில் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையும் அதே வகையில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவர்க்கும் இருக்கை தரவேண்டும் என்று விதித்தது.

கோழிக்கோட்டிலும் திருச்சூரிலும் கூலியிழந்து நின்றவர்கள் தியாகராய நகரப் பெண்களிடம் சந்தா கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். ஆனால் கோழிக்கோட்டில் நாற்காலி எடுக்கப்பட்டால் தட்டிக் கேட்க ஓர் அமைப்பு உண்டு. இங்கே பெரும்பாலான கடைகளில் சங்கமே இல்லை. இருக்கை போடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது தொழிலாளர் துறை ஆய்வாளரின் வேலை. அதில் ஒரு பெண் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் அவளை என்ன பார்வை பார்க்கிறார் என்பது எந்த ஆய்வாளரின் குறிப்பேட்டிலும் ஏறுவதில்லை.